பாக்கியசீலியின் வயரில் வந்த விக்கல்

பாக்கியசீலி அக்கா கம்ப்யூட்டர் நெட்வொர்க் படிக்கப் போன வருஷத்தில்தான் எங்கள் ஊர் விக்கல்களுக்கெல்லாம் முகவரி கிடைத்தது. அதற்கு முன்னால், மற்ற ஊர்களைப் போலவே கிருபாபுரத்திலும் விக்கல் எடுத்தால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி, மகளா, மருமகளா, மும்பையில் இருக்கிற கொழுந்தனா என்று ஒவ்வொரு பேராகச் சொல்லிப் பார்த்து, எந்தப் பேருக்கு நிற்கிறதோ அந்த ஆள்தான் நினைத்தது என்று முடிவு கட்டிக்கொண்டு, ஒரு செம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு வேலையைப் பார்ப்போம்; அது பாதி நம்பிக்கை, பாதி விளையாட்டு. அக்கா வயர் இழுக்க ஆரம்பித்த பிறகு விளையாட்டுப் பாதி போய்விட்டது.

அக்காவுக்கு எங்கள் தெருவில் மேலக்கடைசி வீடு. பத்தாம் வகுப்போடு நின்றவள். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதலில் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிவிட்டு அதன் பிறகுதான் கஞ்சி வடிக்கப் போவாள். வீட்டுக்காரர் தர்மராஜ் அண்ணாச்சி பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் தொலைந்துபோன நாட்களில் வெறும் தொண்டையாலேயே பஸ்ஸை நிறுத்தியவர் என்று பேர். மகள் பெல்சி கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் நன்றாக இருந்தாள். மகன் எபியைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

பேசக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. அவன் எஞ்சினியரிங் முடித்துவிட்டு, அப்பா சொன்ன பேங்க் பரீட்சையை எழுதாமல், மொட்டை மாடிகளிலும் டவர்களிலும் ஏறி நெட்வொர்க் வயர் இழுக்கிற கம்பெனியில் சேர்ந்து வடக்கே போய்விட்டான். அங்கிருந்து ஒருநாள் அம்மாவுக்குப் போன் போட்டு, சுவிட்ச் என்றும் ரௌட்டர் என்றும் தன் வேலையைச் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனான். அக்கா ஒன்றும் விளங்காமல் எல்லாவற்றுக்கும் 'ம்' கொட்டிக்கொண்டே இருந்தாள். "ஒனக்கு இதெல்லாம் எங்கம்மா புரியப்போவுது" என்று அவன் சிரித்தபோது, பக்கத்தில் இருந்த அண்ணாச்சி போனைப் பிடுங்கி, கம்பி இழுக்கவா காட்டை வித்துப் படிக்க வச்சேன் என்று கேட்டார். அவ்வளவுதான். அன்றைக்கு அறுந்த போன் மறுபடி வரவில்லை, நம்பரும் மாறிவிட்டது. அதற்குப் பிறகு எபி என்ற பேரை யாராவது எடுத்தால் அண்ணாச்சி முகம், டிக்கெட் எடுக்காமல் ஏறினவனைப் பார்க்கிற முகமாகப் போய்விடும். அதைப் பார்த்துப் பார்த்து ஊரே அந்தப் பேரை மெல்ல மெல்ல வாயிலிருந்து எடுத்துவிட்டது.

ஊர் எடுத்துவிட்டாலும் தாய் எடுப்பாளா? மகன் ஒருநாள் கூப்பிடத்தான் செய்வான், கூப்பிடும்போது தான் மறுபடியும் வெறும் 'ம்' கொட்டக் கூடாது என்று அக்கா தீர்மானம் பண்ணினாள். மூன்று வருஷம் அதற்காக ஜெபித்தாள். பிறகு ஒரு திங்கட்கிழமை நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மருந்துக்கடை மாடியில் இருக்கிற கம்ப்யூட்டர் சென்டரில் போய் நெட்வொர்க் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். அண்ணாச்சி, ஐம்பத்து நாலு வயதில் கரண்ட் போஸ்ட் மரம் ஏறப் போகிறாயோ என்று கேட்டார். ஏற வேண்டி வந்தால் நீங்கள் ஏணியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அக்கா சாந்தமாகச் சொல்லிவிட்டு, அவருக்கு மத்தியானச் சோற்றை மூடி வைத்துவிட்டுப் போனாள்.

வகுப்பு எடுத்தது ரஹ்மத் நிஷா மிஸ். முப்பது வயதுதான் இருக்கும், கையில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில், பாடம் நடத்தும்போது கண்டிப்பு, இடைவேளையில் சிரிப்பு. மிஸ் அக்காவை 'அம்மா' என்பார், அக்கா மிஸ்ஸை 'மிஸ்' என்பாள். கூடப் படித்த காலேஜ் பிள்ளைகள் முதல் வாரம் ஆன்ட்டி வழி தவறி மாடி ஏறிவிட்டதாக நினைத்தார்கள், இரண்டாம் வாரம் ஆன்ட்டியின் டப்பாவில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார்கள்.

வயர் முனையைச் சீவி, உள்ளே இருக்கிற எட்டு மெல்லிய கம்பிகளை நிறம் பார்த்து வரிசையாக அடுக்கி, கண்ணாடி போன்ற சின்னப் பிளக்கில் நுழைத்து, கிரிம்பிங் கருவியால் ஒரு அமுக்கு அமுக்க வேண்டும். அதுதான் முதல் பாடம். அக்கா பல வயர்களைப் பாழாக்கினாள். ஆரஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு போனது, பச்சை வெளியே நின்றது. கடைசியில் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினாள்: ஒவ்வொரு கம்பியை நீவி வைக்கும்போதும் ஒரு ஆளுக்காக ஒரு வரி ஜெபம். அப்படிச் செய்ததும் கம்பிகள் ஞாயிற்றுக்கிழமைக் கோயிலில் பிள்ளைகள் வரிசையில் நிற்பதுபோல நின்றன; சர்ச்சை எங்கள் ஊரில் கோயில் என்றுதான் சொல்வோம். கருவியை அமுக்கினாள், 'டக்' என்றது. மிஸ் வாங்கிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்.

அந்த வயரைச் சொருகித்தான் 'பிங்' சொல்லிக் கொடுத்தார். ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரை 'இருக்கியா' என்று கேட்பதாம், அது உயிரோடு இருந்தால் 'இருக்கேன்' என்று பதில் சொல்வதாம், நாலு தடவை கேட்குமாம், நாலு தடவை பதில் வருமாம். எதிர் வரிசையில் இருந்த கிளாடிஸின் கம்ப்யூட்டர் நம்பரை அடிக்கச் சொன்னார். ஆளை நினைக்காமல் எப்படி ஒரு ஆளிடம் இருக்கியா என்று கேட்பது? அக்கா முதலில் கண்ணை மூடி, கர்த்தாவே இந்தக் கிளாடிஸ் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி சொல்லிவிட்டு விசையைத் தட்டினாள். திரையில் நாலு வரி பதில் வந்தது, கிளாடிஸுக்கு நாலு விக்கல் வந்தது.

அடுத்த பிள்ளைக்குத் தட்டினாள், அவனுக்கும் நாலு. மிஸ் தன் கம்ப்யூட்டருக்குத் தட்டச் சொன்னார், தட்டினாள், மிஸ்ஸும் விக்கி முடித்து, பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு, இணைப்பு சரியாக இருக்கிறது, அடுத்தது சப்நெட், எல்லாரும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

பழகிப் பார்ப்பதற்காக அக்கா எங்கள் தெரு வீடுகளுக்கெல்லாம் வயர் இழுத்துக் கொடுத்தாள். சுவரில் துளை போடும்போது அண்ணாச்சி உண்மையாகவே ஏணியைப் பிடித்துக்கொண்டார், பிடித்துக்கொண்டே குறையும் சொன்னார். அந்த வயர் எந்த வீட்டுக்குள் போனதோ அந்த வீட்டு விக்கலெல்லாம் துல்லியமாகிவிட்டது. துபாயில் இருக்கிற மகன் நினைத்தால் தாய்க்கு விக்கல். 'சாமுவேல்' என்று சொன்ன மாத்திரத்தில் நின்றுவிடும், இடையில் வேறு யாரும் குழப்ப மாட்டார்கள். சோறு உண்கிற இடத்தில், ஜெபிக்கிற இடத்தில், டிவி பார்க்கிற இடத்தில் என்று வீட்டுக்கு மூன்று செம்பில் தண்ணீர் வைப்பது வழக்கமானது. பலசரக்குக் கடைக்காரர் விக்கலுக்கென்று சீனியைச் சின்னப் பொட்டலமாகவே கட்டிப் போட்டார். கல்யாணம் நிச்சயமான பெண்களின் விக்கலை எண்ணித் தோழிகள் கிண்டல் பண்ணினார்கள். எதிர்வீட்டு லீலா மைனியின் மாமியார், மருமகள் பிறந்த வீட்டுக்குப் போன ஒரு வாரமும் தனக்கு ஒரு விக்கல்கூட எடுக்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மைனி திரும்பி வந்ததும், ஒங்களத்தான் நெனைக்காம நிம்மதியா இருந்தேன் அத்தே என்று சொல்ல, இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள். அந்த வீட்டில் அது பெரிய காரியம்.

இது மூடநம்பிக்கை அல்லவா என்று கோயில் கமிட்டியில் ஒருவர் கேள்வி எழுப்பினார். சபைக் குருவானவர் பதில் சொல்ல எழுந்தார், அந்நேரம் பார்த்து அவருக்கே விக்கல் எடுத்தது; ஹைதராபாத்தில் படிக்கிற தன் மகள் பேரைச் சொன்னார், நின்றது. ஒருவரை ஒருவர் நினைப்பதில் பாவம் எதையும் வேதத்தில் தான் காணவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார், கமிட்டி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

விக்கலே வராத வீடுகளும் இருந்தன. அது முன்பும் அப்படித்தான் இருந்திருக்கும், இப்போதுதான் தெரிந்தது. பிள்ளைகள் தூரத்தில் இருந்து, தூரமாகவே ஆகிவிட்ட வீடுகள். அங்கே செம்பில் வைத்த தண்ணீர் சாயங்காலம் செடிக்குப் போனது. பாக்கியசீலி அக்கா அதைக் கவனித்தாள். காலையில் வேதம் வாசித்து முடித்ததும், பழகுவதற்காக வீட்டில் வாங்கிப் போட்டிருந்த பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அந்த வீட்டுக்காரர்களை ஒவ்வொருவராக ஜெபத்தில் வைத்து, ஒவ்வொருவருக்கும் நாலு விக்கல் அனுப்பிவைப்பாள். அவர்கள் விக்கி முடித்து, "பாக்கியசீலி" என்று சொல்லி, தண்ணீரைக் குடித்துவிட்டு வாசல் தெளிக்கப் போவார்கள்.

தன் வீட்டுக்காரரிடம்தான் ஒருதடவை தவறு நடந்துபோனது. நிறுத்தச் சொல்லும் வரைக்கும் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிற ஒரு பிங் உண்டு, அதை மிஸ் அன்றைக்குத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். வீட்டுக்கு வந்து அண்ணாச்சியின் போனுக்கு அதைத் தட்டிப் பார்த்த அக்கா, நிறுத்த மறந்து உபவாச ஜெபத்துக்குப் போய்விட்டாள். அவருக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் குடித்தார், மூச்சை அடக்கினார், சீனி தின்றார். கூட வேலை பார்த்த டிரைவர்கள், செக்கிங் இன்ஸ்பெக்டர்கள், தூரத்துச் சொந்தங்கள் என்று பேர்களைச் சொல்லிக்கொண்டே போனார். லீலா மைனி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, ஒங்க வீட்டுக்காரி பேரைச் சொல்லிப் பாருங்க அண்ணாச்சி என்றாள். அங்கேதான் சங்கடம். கல்யாணமான நாளிலிருந்து அவர் அக்காவை 'ஏட்டி' என்றோ 'பெல்சி அம்மா' என்றோ கூப்பிடுவாரே ஒழியப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, எங்கள் ஊரில் அந்த வயதுக்காரர்கள் யாரும் கூப்பிட மாட்டார்கள். 'ஏட்டி' என்று சொன்னார், நிற்கவில்லை. 'பெல்சி அம்மா' என்றார், நிற்கவில்லை. சாயங்காலம் அக்கா கோயிலிலிருந்து திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது, கலங்கின கண்ணோடு அவளைப் பார்த்து, "பாக்கியசீலி" என்றார். நின்றது. அக்கா வெட்கப்பட்டு உள்ளே ஓடி, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் காப்பியில் சீனி அதிகம் என்று லீலா மைனி எப்படியோ கண்டுபிடித்துச் சொன்னாள்.

எல்லாருக்கும் போன விக்கல் எபிக்குப் போனதா என்பதுதான் அக்காவுக்குத் தெரியவில்லை. முகவரி வேண்டும் என்றார் மிஸ்; ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் உலகத்தில் தனியாக ஒரு எண், புள்ளி வைத்து நாலு துண்டாக எழுதுவது. மகனுடைய எண் என்று தாய்க்குத் தெரிந்தது ஒன்றுதான். அவன் பிறந்த தேதியை நாலு துண்டாக உடைத்து, புள்ளி வைத்து அடித்து, அவனை நினைத்து, தட்டினாள். நேரம் கடந்துவிட்டது, பதில் இல்லை என்று நாலு வரி வந்தது. தினமும் காலையில் வகுப்பு ஆரம்பிக்கும் முன்னால் தட்டினாள், தினமும் அதே நாலு வரி. ஒருநாள் மிஸ் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, அது என்ன எண் என்று கேட்டார். அக்கா சொன்னாள். மிஸ் சிரிக்கவில்லை. அந்த எண் உலகத்தில் வேறு யாருக்காவது சொந்தமாக இருக்கும் என்று மட்டும் சொன்னார். இத்தனை நாள் யாரோ முன்பின் தெரியாத பிள்ளையை விக்க வைத்திருக்கிறோமே என்று அக்கா வருத்தப்பட்டு, அந்தப் பிள்ளைக்காகவும் ஒரு ஜெபம் பண்ணினாள்.

"பதில் வரலன்னா போய்ச் சேரலன்னு அர்த்தம் இல்லம்மா," என்றார் மிஸ், பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "வாங்கிக்கிட்டுப் பதில் சொல்லாம இருக்கிறதும் உண்டு. பதில் சொல்லாதேன்னு அதுக்குள்ள யாரோ எழுதி வச்சிருப்பாங்க."

"அத அழிக்க முடியுமா மிஸ்?"

"வெளியில இருந்து நம்மால முடியாது. எழுதினவங்கதான் அழிக்கணும்."

அக்கா அதைக் கேட்டுக்கொண்டாள். எழுதினவர் வீட்டில் ஈசிசேரில் படுத்துப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷத்து அசனம் வந்தது. அசனம் என்றால், எங்கள் பக்கத்துக் கோயில்களில் வருஷத்துக்கு ஒருநாள் ஊரே சேர்ந்து சமைத்து, வந்தவர் எந்த ஊர், எந்த மதம் என்று பார்க்காமல் எல்லாருக்கும் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் போடுகிற விருந்து. வெளிநாட்டிலும் வடக்கேயும் இருக்கிற ஊர்ப் பிள்ளைகள் பார்க்கும்படி இந்தத் தடவை அதை லைவில் போட வேண்டும் என்று கமிட்டி ஆசைப்பட்டது. நிஷா மிஸ், சென்டரில் வைக்க வேண்டிய கடைசித் தேர்வை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றார்: கோயில், சாப்பாட்டுப் பந்தல், சமையல் கொட்டகை மூன்றையும் அக்கா வயரால் இணைக்க வேண்டும், கடைசிப் பந்தி எழுந்திருக்கிற வரைக்கும் லைவ் அறுந்துவிடக் கூடாது, அறுந்தால் தேர்வு அடுத்த வருஷம்தான். அக்கா சரி என்றாள். இந்த லைவ் எங்கெங்கே தெரியும் என்று கேட்டாள். எங்கேயும் தெரியும் என்றார் மிஸ். அக்கா அன்றைக்கே வயர் அளக்க ஆரம்பித்தாள்.

பந்தலின் ஓரத்தில் ஒரு மேஜை. அதன் மேல் பச்சை விளக்குகள் மினுக்குகிற சுவிட்ச், அதன் முன்னால் பாக்கியசீலி அக்கா. அதே மேஜையின் மறுபக்கத்தில் மைக், அதன் முன்னால் தர்மராஜ் அண்ணாச்சி. பந்தி நிர்வாகம் வருஷாவருஷம் அவர்தான். உள்ள தள்ளி உக்காருங்க, வாசலை அடைக்காதீங்க, பின்னால எடம் இருக்கு என்று அவர் சொன்னால் ஊரே பஸ்ஸில் ஏறினமாதிரி ஒழுங்காகிவிடும். குருவானவர் ஜெபம் பண்ணினார். முதல் பந்திக்கு இலை விழுந்தது, சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது, எல்லாரும் பிசைந்து முதல் கவளத்தை எடுத்தார்கள், அப்போது பந்தல் முழுக்க ஒரே ஒரு விக்கல் எடுத்தது.

ஒரே ஒரு விக்கல் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அத்தனை பேருக்கும் ஒரே நொடியில் எடுத்தது. குருவானவருக்கு, குழந்தைகளுக்கு, கரண்டி பிடித்தவர்களுக்கு, கொட்டகையில் விறகு தள்ளிக்கொண்டிருந்தவர்களுக்கு, சும்மா தேர்வு பார்க்க வந்த மிஸ்ஸுக்கு. கவளங்கள் வாய்க்குப் போகும் வழியில் நின்றன. அடுத்த விக்கலும் அதேமாதிரி ஒன்றாக வந்தது. பெரிய காற்று நெல்வயலைக் குனிய வைத்து எழுப்புவதுபோல வரிசை வரிசையாகத் தலைகள் ஆடின. யாரோ நம் எல்லாரையும் சேர்த்து நினைக்கிறார்கள் என்று லீலா மைனியின் மாமியார் சொன்னாள். அது எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது.

பேர்கள் ஆரம்பமாயின. துபாய், தோஹா, சிங்கப்பூர், சென்னை என்று வரிசையாகப் போனார்கள். சாமுவேலா? இல்லை. மேலத்தெரு கிறிஸ்டோபரா? இல்லை. மாற்றலாகிப் போன பழைய குருவானவரா? இல்லை. ஒரு கிழவர் இறந்துபோன தன் அண்ணன் பேரைச் சொல்லிப் பார்த்தார். தண்ணீருக்கு எல்லாரும் ஒன்றாக எழுந்ததில் குழம்பு வாளியோடு வந்த ஒருவர் வயரை மிதித்துவிட, சுவிட்ச்சில் சொருகியிருந்த பிளக்கின் கொக்கி முறிந்து, பிளக் நழுவி வந்தது. அக்கா அது முழுக்க வெளியே வருவதற்கு முன்னால் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். விளக்கு ஒருதடவை மங்கி மறுபடி பச்சையானது. அதுதான் வெளியே போகிற வயர். அதை விட்டால் லைவ் போய்விடும்.

அக்காவுக்கு முதல் விக்கலிலேயே தெரிந்துவிட்டது. அந்தப் பேரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், நிற்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்து லீலா மைனிக்குத் தெரிந்தது, மைனியைப் பார்த்து அவள் வரிசைக்குத் தெரிந்தது, அவர்களும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்கள், அவர்களுக்கும் நிற்கவில்லை. மிஸ் விக்கிக்கொண்டே அக்காவிடம் குனிந்து, இது ஊருக்கே பொதுவாக வந்த கேள்வி, ஆனால் பதில் சொல்ல வேண்டிய ஆள் ஒருத்தர்தான் என்று சொன்னார். வரிசை வரிசையாக எல்லாக் கண்களும் மைக்கின் பக்கம் திரும்பின.

அண்ணாச்சி மைக்கைப் பிடித்தபடி விக்கிக்கொண்டிருந்தார், அது நாலு ஒலிபெருக்கியிலும் கேட்டது. பழைய டிரைவர் ஒருவர் பேரைச் சொன்னார். ஒரு இன்ஸ்பெக்டர் பேரைச் சொன்னார். அக்கா பிளக்கிலிருந்து விரலை எடுக்காமல், அவர் பக்கம் திரும்பினாள்.

"அவன்தான்," என்றாள். "நீங்க சொன்னாத்தான் நிக்கும்."

அவர் அவளைப் பார்க்காமல் பந்தியைப் பார்த்தார். இலை இலையாகச் சோறு, ஆறுகிற குழம்பு, கையில் கவளத்தோடு பிள்ளைகள், ஒருவரும் உண்ணவில்லை. தன் வாழ்நாளில் ஒரு பஸ்ஸைக்கூடத் தன்னால் தாமதமாக விட்டவர் இல்லை அவர். தொண்டையைக் கனைத்தார், ஒரு விக்கல் வந்து கனைப்பை உடைத்தது. இன்னொருதடவை கனைத்தார்.

"எபி," என்றார்.

மைக் திறந்தே இருந்ததால் அந்தப் பேர் பந்தலிலும், கோயிலிலும், கொட்டகையிலும், அக்காவின் கட்டைவிரலுக்கு அடியில் இருந்த வயர் வழியாக வெளியே எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாமும் போனது. விக்கல் நின்றது. பிறகு ஊரே மெல்லுகிற சத்தம் கேட்டது.

இரண்டாம் தடவை குழம்பு வருவதற்குள் அண்ணாச்சியின் சட்டைப்பையில் போன் அடித்தது. தெரியாத நம்பர். ஸ்பீக்கரில் போட்டு எடுத்தவர் மற்றக் கையில் இருந்த மைக்கைக் கீழே வைக்க மறந்துவிட்டார், அதனால் நாங்கள் எல்லாரும் கேட்டோம். அந்தப் பக்கத்தில் காற்று வீசுகிற சத்தம் கொஞ்ச நேரம், பிறகு, "அப்பா."

அண்ணாச்சி மைக் பிடித்த கையைத் திருப்பி வாட்ச்சைப் பார்த்தார்.

"ஏல," என்றார், "அங்க மணி என்னல?"

"இங்கயும் ஒண்ணரதாம்ப்பா."

"ம்."

பந்தியில் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டார். எபி குவாஹாட்டியில் ஒரு மொட்டை மாடியில் வயர் சுருளின் மேல் உட்கார்ந்து லைவ் பார்த்துக்கொண்டிருந்தானாம். அசனச் சோற்றைப் பார்த்ததும் ஒவ்வொரு முகமாகத் தேடித் தேடி நினைத்துக்கொண்டிருந்தானாம். காலையில் தினமும் தனக்கு நாலு விக்கல் வரும், அது அம்மா என்று தெரியும், அதைச் சொல்லிவிட்டுத்தான் வேலைக்கு ஏறுவேன் என்றான். ஆனால் இன்றைக்கு விடாமல் ஒரு விக்கல் வந்து, அம்மா என்று சொல்லியும் நிற்கவில்லை, பெல்சி என்று சொல்லியும் நிற்கவில்லை. கடைசியில், "அப்பான்னு சொன்னேன், நின்னுட்டு" என்றான். அதே நேரம் திரையில் அப்பா தன் பேரைச் சொல்லியது கேட்டதாம்.

அண்ணாச்சி ஒலிபெருக்கிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். அதனால் என்ன பிரயோஜனம், மைக் அவர் கையோடுதான் திரும்பியது. டவரில் ஏறும்போது இடுப்பில் பெல்ட் போடுவாயா என்று கேட்டார். போடுவேன் என்றான். தொப்பி? அதுவும் உண்டு. கிறிஸ்மஸுக்கு லீவு கொடுப்பானா உன் முதலாளி என்று கேட்டார். கேட்டுப் பார்க்கிறேன் என்றான் எபி, பிறகு கொஞ்சம் நிறுத்தி, கொடுக்காவிட்டாலும் வருகிறேன் என்றான்.

"அம்மா எங்கப்பா? லைவ்ல காணோம்."

அண்ணாச்சி மேஜையைத் திரும்பிப் பார்த்தார்.

"பாக்கியசீலி இங்கதாம்ல நிக்கா," என்றார். "வயரப் புடிச்சிட்டு நிக்கா. அவ விட்டா நீ போயிருவ."

எந்த வயர், கொக்கி உடைந்துவிட்டதா என்று எபி பதறினான். போனை அண்ணாச்சி அக்காவின் காதில் வைத்தார். கொக்கிதான் போனது, கம்பிகள் எட்டும் சரியாக இருக்கின்றன, வெளியே போகிற போர்ட் என்பதால் மாற்ற நேரமில்லை, கடைசிப் பந்தி முடிந்ததும் முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் பண்ணிவிடுவேன் என்று அக்கா நிதானமாகச் சொன்னாள். பிறகு எபி 'ம்' என்றான்.

பந்திகள் மாறிக்கொண்டே இருந்தன. அண்ணாச்சி ஒரு கையில் போனும் ஒரு கையில் மைக்குமாக, உள்ள தள்ளி உக்காருங்க என்று ஊருக்கும், அங்க மழை உண்டுமால என்று மகனுக்கும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார். அக்காவின் விரல் வெளுத்துப் போயிருந்தது. மாற்றிப் பிடிக்கிறோம் என்று வந்தவர்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கடைசிப் பந்திக்கு முந்திய பந்தியில், நிஷா மிஸ் ஒரு இலையை மேஜைக்குக் கொண்டுவந்து வைத்து, சோற்றைக் குழம்பு விட்டுப் பிசைந்து, ஒரு உருண்டை பிடித்து அக்காவின் வாயருகே நீட்டினார். அக்கா வெட்கப்பட்டாள், தேர்வு இன்னும் முடியவில்லையே மிஸ் என்றாள்.

"வாயத் தெறங்கம்மா," என்றார் மிஸ், "கைய மட்டும் எடுத்துறாதீங்க."